சுவாச காவலன், மாதிரி இலக்கம் ஒன்று

முறைப்படி மூச்சு விடுவது எப்படி என்று மனித குலத்துக்குக் கற்றுக்கொடுத்த பெருமை மாத்தளை மாவட்டத்தையே சாரும். அதற்கு முன்பும் மனிதர்கள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கோப்பு இலக்கம் இல்லாமல், குழுவின் சிபாரிசு இல்லாமல், அவரவர் மூக்கின் போக்கில் நடந்த காரியம். 1973ஆம் ஆண்டில்தான் அதற்கு ஓர் ஒழுங்கு பிறந்தது.

அந்த ஆண்டு கப்பலில் வரும் சாமான்களுக்கெல்லாம் கதவடைப்பு. தூசு மூக்கில் ஏறாமல் தடுக்கும் முகமூடியும் தடைப் பட்டியலில் இருந்தது. "தேசத்தின் மூக்கு அந்நிய முகமூடியை நம்பி வாழலாகாது" என்று சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்த உத்தியோகத்தர்கள் அனைவரும் நெஞ்சை நிமிர்த்தி நீளமாக மூச்சு இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் உட்கார்ந்து கோப்பு எழுதும் கந்தோரில் தூசு கிடையாது.

தூசு கிடந்த இடம் ரத்தோட்டை வீதியில் இருந்த சரக்குத்தூள் ஆலை. அங்கே எட்டுப் பெண்கள் கொச்சிக்காய் என்ற காய்ந்த மிளகாயை அரைத்தார்கள், சலித்தார்கள், பை கட்டினார்கள். அந்த எட்டுப் பேரும் கைநாட்டு வைத்து ஒரு மனு அனுப்பினார்கள்: "இருமல் தாங்க முடியவில்லை. மூக்குக்கு ஏதாவது தாருங்கள்." மனுவை உறையிலிருந்து உருவிய திணைக்கள எழுதுவினைஞர் மாணிக்கவாசகம் மூன்று முறை தும்மினார். கைநாட்டுகளோடு சேர்ந்து கொஞ்சம் கொச்சிக்காய்த் தூளும் வந்திருந்தது. "மனு கிடைத்தது. சான்று இணைக்கப்பட்டுள்ளது" என்று கோப்பில் எழுதிவைத்தார்.

மாணிக்கவாசகம் வடக்கிலிருந்து வந்து மாத்தளையில் நிலைத்துவிட்டவர். இருபத்தாறு வருட அரசாங்க சேவை. அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் யாருக்கும் "முடியாது" என்று சொன்னதில்லை. "முடியும்" என்றும் சொன்னதில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்பதைப் பதினொரு விதமாக, முத்து முத்தான எழுத்தில் எழுத வல்லவர். அவருடைய மனைவி நேசம்மா, "இண்டைக்கு என்ன கறி வைக்க?" என்று கேட்டால்கூட அவர் சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். சில நாட்களில் அதற்குள் சாப்பாடு முடிந்துவிடும்.

மனுவை ஆராய ஒரு குழு அமைந்தது. பெயர்: 'சுதேச சுவாசக் கருவி வடிகட்டி வடிவமைப்புக் குழு'. தலைவர் உதவி அத்தியட்சகர் விஜயரத்தினம். உறுப்பினர்கள் மூவர்: ஒரு பொறியியலாளர், ஒரு வைத்திய ஆலோசகர், ஒரு கலாசார உத்தியோகத்தர். கொச்சிக்காய்த் தூளுக்குக் கலாசார உத்தியோகத்தர் எதற்கு என்று கேட்பவர்கள் அரசாங்கம் என்றால் என்னவென்று அறியாதவர்கள். செயலாளர் மாணிக்கவாசகம்.

முதல் கூட்டத்திலேயே ஒரு துணிகரமான தீர்மானம் நிறைவேறியது. யாராவது ஒருவர் ஆலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்! நான்கு பேரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

மாணிக்கவாசகம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆலை வாசலில் நின்றார். படிக்கு உள்ளே கால் வைக்கவில்லை. ஆலை முகாமையாளர் சாலிஹ் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சிவப்புப் புகை மெல்ல அடங்கியபோது, அதற்குள்ளிருந்து வாயும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் கைறுன்னிஸா.

"என்ன பிள்ளை, முகத்திலை என்ன இது?"

"தேத்தண்ணி வடி, ஐயா."

"வடியோ?"

"ரெண்டு வடி. வாய்க்கு வாய் வச்சு மூடி, சுத்திவரச் சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டிருக்கேன்."

மாணிக்கவாசகம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறீர்?"

"வெளிப்பக்கம் தேங்காய்த் தும்பு. நடுவுல இலவம்பஞ்சு. உள்பக்கம் மல் துணி. தும்பு பெரிய தூளப் புடிக்கும், பஞ்சு சின்னத் தூளப் புடிக்கும், துணி பஞ்சப் புடிக்கும். இல்லாட்டிப் பஞ்சு மூக்குக்குள்ள போயிடும்."

"இதுதான் சரியெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தும்மல எண்ணித்தான், ஐயா. மொதல்ல துணி மட்டும் கட்டுனேன். மணித்தியாலத்துக்கு முப்பது தும்மல். பொறகு பஞ்சு மட்டும் வச்சேன். பன்னெண்டு. ஆனா மூச்சு ஈரத்துல பஞ்சு கட்டியாப் போயிட்டுது. இப்ப ரெண்டே ரெண்டு. அதுவும் இந்தக் கன்னத்துச் சந்தால வர்ற தூளு. அதுக்குத்தான் டியூப்ப இறுக்கிப் போட்டேன். பஞ்ச மட்டும் பகலைக்கு ஒருக்கா மாத்தணும்."

மாணிக்கவாசகம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். தம்முடைய குழு ஆறு மாதத்தில் வந்து சேரத் திட்டமிட்டிருந்த இடத்துக்கு இவள் ஏற்கெனவே வந்து, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மற்றப் பிள்ளையளுக்கும் இது இருக்கோ?"

"ஒன்னுதான் ஈக்கிது, ஐயா. கடையில வடி இல்லையே. எங்கட ஊட்டு வடியும் கூடப் பொறந்த ராத்தா ஊட்டு வடியும்தான் இது. ரெண்டு ஊட்டுலயும் இப்ப துணியிலதான் தேத்தண்ணி வடிக்கிறோம். எட்டுப் பேரும் முறை வச்சுப் போடுறோம். ஆளுக்கு அரை மணித்தியாலம். இன்னும் பதினாலு வடி கெடச்சா எல்லாருக்கும் செஞ்சு குடுத்திடுவேன்."

ஓரத்தில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த வேலம்மா இருமிக்கொண்டே எழுந்து வந்தாள். போன மாதம் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள்தான். இன்னும் ஒரு வருஷம் இந்தத் தூசுக்குள் இருந்தால் நெஞ்சு தேறாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது என்பதை அவர் சொல்லவில்லை, அது அவளுக்கே தெரிந்திருந்தது.

"எங்க மனு என்னாச்சுங்க, ஐயா?"

"பரிசீலனையிலை இருக்கு."

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவருக்குத் தொண்டையில் சிக்கியது. கொச்சிக்காய்த் தூள்தான் காரணம் என்று முடிவு செய்துகொண்டார். ஆனால் வீட்டுக்குப் போய் நேசம்மா வடித்துக்கொடுத்த தேநீரைக் குடித்தபோதும் அது இறங்கவில்லை.

இரண்டாம் கூட்டத்தில் அவர் கைறுன்னிஸாவின் வடியை மேசைமேல் வைத்தார். அவளுடைய அரை மணி நேரத்தை இரவல் வாங்கி வந்திருந்தார். 'வடிவமைப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே 'வடி' இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துத் தலைவர் விஜயரத்தினம் பெரிதும் மகிழ்ந்தார். அதுதான் குழுவின் முதல் கண்டுபிடிப்பு. பிறகு ஆளாளுக்கு அந்த வடியை 'மேம்படுத்த'த் தொடங்கினார்கள்.

"இரண்டு வடி போதாது. மூன்று வேண்டும். உறுதி முக்கியம்" என்றார் பொறியியலாளர்.

வைத்திய ஆலோசகர் சிரட்டைக் கரியும், யூக்கலிப்டஸ் தைலத்தில் ஊறவைத்த பஞ்சும் சேர்க்கச் சொன்னார். மல் துணி அந்நிய மோகம் என்று கலாசார உத்தியோகத்தர் வருந்தினார். ஆகவே தடித்த கைத்தறித் துணி நான்கு மடிப்பு. சைக்கிள் டியூப் கட்டுப்பாட்டுப் பொருள் என்பதால் அது நீக்கப்பட்டு, இடுக்குகளைத் தார் பூசி அடைப்பதென்று தீர்மானமாயிற்று.

"எல்லாம் சரி" என்றார் விஜயரத்தினம். "திணைக்களத்தின் இலச்சினை எங்கே?"

பித்தளையில் ஓர் இலச்சினைத் தகடு செய்து முகப்பில் பொருத்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"ஐயா, முகப்பாலைதான் காத்து உள்ளுக்கு வாறது" என்றார் மாணிக்கவாசகம்.

"முகப்பிலை வைச்சால்தானே இலச்சினை வெளியிலை தெரியும்?" என்றார் தலைவர்.

மாணிக்கவாசகம் அதையும் குறிப்பில் ஏற்றினார். இப்படியாக ஒன்றேகால் இறாத்தல் எடையில் 'சுவாச காவலன், மாதிரி இலக்கம் ஒன்று' பிறந்தது.

கருவியைச் சோதித்துப் பார்க்காமல் வெளியிடும் பொறுப்பற்ற குழு அல்ல இது. திருகோணமலை வீதித் தையற்கடையிலிருந்து சட்டை மாட்டும் பொம்மை ஒன்று இரவல் வாங்கப்பட்டது. அதன் முகத்தில் கருவியைக் கட்டி, ஆலைப் பெண்களைக் கொண்டு ஆலையின் நடுவில் முழுசாக ஒரு மணித்தியாலம் நிறுத்திவைத்தார்கள். முடிவு பிரமாதம். "சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர் ஒரு தடவையேனும் தும்மவில்லை, இருமவில்லை, முறைப்பாடு எதுவும் தெரிவிக்கவில்லை" என்று கூட்ட அறிக்கையில் பதிவாயிற்று. மாணிக்கவாசகம்தான் எழுதினார். முத்து முத்தான எழுத்தில்.

மாணிக்கவாசகம் பொம்மையைத் திருப்பி எடுக்கப் போனபோது கைறுன்னிஸா கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகத்தருகே வைத்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் ஈக்கிது, ஐயா. மூச்சு விடாதவங்களுக்கு."

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பொம்மையைத் தோளில் தூக்கினார். அன்று வழி நெடுக அது அவரைவிடக் கம்பீரமாக இருந்தது.

கார்த்திகை மாதம் வெளியீட்டு விழா. கொழும்பிலிருந்து பிரதம அதிதி வருவதாக ஏற்பாடு. ஆலை முற்றத்தில் பந்தல், குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பொறியியலாளர் மூன்று நாள் நுணுக்கமாக ஆராய்ந்து, தூள் எட்டாத பக்கத்தில் பந்தலைப் போடுவித்தார். காற்றைப் பற்றி அந்தக் குழு செய்த ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றது அதுவே.

பிரதம அதிதி பொம்மையைப் பார்த்து முகம் சுளித்தார். "உயிருள்ள ஆள் ஒருவரும் இல்லையா?"

விஜயரத்தினம் ஒரு கணமும் தயங்கவில்லை. "இருக்கிறார். எங்கள் செயலாளர்!"

மாணிக்கவாசகம் முகத்தில் கருவியோடு ஆலைக்குள் போனார். இயந்திரம் முழங்கியது. கதவு வழியே தெரிந்த பந்தலில் எல்லோரும் கைதட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. தாம் ஏதோ தவறாக இழுத்துவிட்டோம் என்று நினைத்து, இன்னொரு தடவை, பணிவாக இழுத்தார். அப்போதும் வரவில்லை. தூசும் வரவில்லை, உண்மைதான். காற்றும் வரவில்லை. கட்டை அவிழ்க்கப் பின்னால் கையைக் கொண்டுபோனார். குழு சிபாரிசு செய்த முடிச்சு அவிழவில்லை. கண்ணுக்கு முன்னால் பித்தளை இலச்சினை மினுங்கியது. பிறகு இரண்டு இலச்சினை. பிறகு முழங்கால் மடங்கியது.

கைறுன்னிஸா சாக்குக் கத்தியால் நாடாவை அறுத்தாள். தன் முகத்திலிருந்த வடியைக் கழற்றி அவர் முகத்தில் வைத்து அழுத்தினாள். தன்னுடைய வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"இழுங்க, ஐயா! மெதுவா. மெதுவா இழுங்க."

காற்று வந்தது. தும்பு வாசனையோடும் பஞ்சு வாசனையோடும் கொஞ்சம் வியர்வை வாசனையோடும் வந்தது. எட்டுப் பேர் முறை வைத்துச் சுவாசித்த காற்று அது. ஐம்பத்தொரு வருடமாகத் தாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை மாணிக்கவாசகம் அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்தார். அது எவ்வளவு நல்ல காரியம் என்று அவருக்குப் பட்டது.

அவள் அவரைக் கைத்தாங்கலாக முற்றத்துக்குக் கூட்டி வந்தாள். வாசலைத் தாண்டியதும் உட்கார்ந்து, தொடர்ந்து பதினைந்து தடவை தும்மினாள். பந்தலில் பலத்த கரகோஷம். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"மிக நன்று! அது மாதிரி இலக்கம் இரண்டா? யார் செய்தது?" என்று கேட்டார் பிரதம அதிதி.

மாணிக்கவாசகம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிசீலிக்காமல் பதில் சொன்னார். "கைறுன்னிஸா" என்றார். ஆனால் வடி முகத்தில் இருந்ததால் "ங்ங்ஊம்ம்ஸா" என்றுதான் வெளியே கேட்டது.

"என்ன சொல்கிறார்?"

"'குழு' என்கிறார்" என்று மொழிபெயர்த்தார் பொறியியலாளர்.

மாணிக்கவாசகம் வடியைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய சட்டையிலும் தலைமயிரிலும் இருந்த தூள் முழுவதும் அந்த வாய்க்குள் போயிற்று. இருமினார், இருமினார், அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

"உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்றார் கலாசார உத்தியோகத்தர். பிரதம அதிதி குழுவினர் நால்வருக்கும் மாலை போட்டார்.

வாயால் முடியாததை எழுத்தால் செய்ய மாணிக்கவாசகம் தீர்மானித்தார். விழா அறிக்கையில், "வடிவமைத்தவர்: கைறுன்னிஸா, ஆலைத் தொழிலாளி" என்று எழுதினார். "தனிநபர் பெயர்களைக் குறிப்பிடுவது மரபன்று" என்று சிவப்பு மையில் திருத்தப்பட்டு அது திரும்பி வந்தது. மாதிரி இலக்கம் ஒன்றில் நான்கு பிரதிகள் செய்யப்பட்டன. குழுவினர் நால்வரின் மேசைகளிலும் கடதாசி பறக்காமல் அவை கனமாக வைக்கப்பட்டன. காற்றைத் தடுப்பதில் அங்கும் அவை குறை வைக்கவில்லை.

ஆலையில் இன்னும் அரை மணித்தியால முறைதான் நடந்தது. வேலம்மா தன் முறை வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்தாள். இதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு காலையில் மாணிக்கவாசகம் கந்தோரில் உட்கார்ந்து, தம் சேவைக் காலத்திலேயே மிகச் சிறந்த வாக்கியத்தை எழுதினார். "குழுக் கூட்டங்களில் உறுப்பினர்களுக்குத் தேநீர் வழங்கும் பொருட்டு: தேநீர் வடி, பதினாறு."

பதினான்கு அவர்களுக்கு. இரண்டு தமக்கு.

மூச்சு விடும் கருவி பற்றிய கோப்பு பதினொரு மாதமாக மேசை மேசையாக அலைந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் தேநீர் குடிக்கும் கோப்பு மூன்றாம் நாளே அனுமதியோடு திரும்பியது. களஞ்சியத்திலிருந்து வடிகள் பளபளவென்று வந்து சேர்ந்தன. மாணிக்கவாசகம் அவற்றை பன் புல்லில் பின்னிய ஒரு பையில் போட்டுத் தாமே ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"யா அல்லாஹ்! எங்கேருந்து கெடச்சிச்சு, ஐயா?" என்றாள் கைறுன்னிஸா.

"அதைக் கேளாதையும், பிள்ளை. கெதியாச் செய்யும்."

நான்கு நாளில் எல்லாம் தயார். முதல் வடி வேலம்மாவுக்கு. அவள் அதை மாட்டிக்கொண்டு முழு நாளும் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் வெளியே வந்து, "ஐயா, இன்னிக்கி நான் பாட்டுப் படிச்சேங்க. எத்தன நாளாச்சு!" என்றாள். கடைசி வடி மாணிக்கவாசகத்துக்கு. அவர் அதைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தாமாகவே படியைத் தாண்டி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அரசாங்கத்தின் கண்கள் எப்போதும் விழிப்பாக இருப்பவை. இரண்டு மாதத்தில் ஒரு கேள்வி வந்தது. நாலு பேர் குடிக்கும் தேநீருக்குப் பதினாறு வடி எதற்கு? அவை எங்கே? ஒரு வருடமாக ஆலைக்குள் எட்டிப் பார்க்காத குழு, வடியைத் தேடி ஜீப்பில் ஆலைக்கே வந்து இறங்கியது.

விஜயரத்தினம் வாசலில் நின்று திகைத்தார். "அரசாங்கத் தேநீர் வடி! பொம்பிளையளின்ரை முகத்திலை!"

"ஓம், ஐயா" என்றார் மாணிக்கவாசகம் நிதானமாக. "ஆனால் உள்ளுக்கு வந்து ஒவ்வொண்டா எண்ணிப் பாத்தால்தான் விசாரணை முறைப்படி இருக்கும். வெளியிலை நிண்டு எண்ணினதெண்டு நாளைக்கு யாரும் எழுதிப்போடக் கூடாது."

முறைப்படி என்ற சொல்லுக்கு நான்கு பேரும் கட்டுப்பட்டார்கள். கைறுன்னிஸா தன் வடியைக் கழற்றி நீட்டினாள்.

"இதப் போட்டுக்கிட்டுப் போங்க, ஐயா. காரம் பொல்லாதது."

"அங்கீகரிக்கப்படாத கருவி" என்று பொறியியலாளர் அதைத் தள்ளினார். நால்வரும் வெறும் மூக்கோடு உள்ளே போனார்கள். சாலிஹ் கடமை தவறாதவர். அவர் இயந்திரத்தைப் போட்டார்.

முதலாம் நிமிடத்தில் விஜயரத்தினம் ஆறு வடி எண்ணினார். இரண்டாம் நிமிடத்தில் அந்த ஆறு எது என்று மறந்துவிட்டது. மூன்றாம் நிமிடத்தில் கலாசார உத்தியோகத்தர் கதவைத் தேடிச் சுவரைத் தடவினார். நான்காம் நிமிடத்தில் வைத்திய ஆலோசகர், "தண்ணி! தண்ணி!" என்று தமக்கே மருந்து எழுதிக்கொண்டார். ஐந்தாம் நிமிடத்தில் மாணிக்கவாசகம், வடிக்குள்ளிருந்து சீராக மூச்சு விட்டபடி, இரண்டு கடிதங்களோடு அவர்களுக்கு அருகில் வந்தார். ஒன்று, பதினாறு வடிகளையும் ஆலைத் தொழிலாளரின் சுவாசக் கருவியாக ஏற்றுக்கொள்ளும் கடிதம். மற்றது, தூசை வெளியே இழுத்துத் தள்ளும் மின்விசிறி வேண்டுமென்று சாலிஹ் வருடக்கணக்காக எழுதிவந்த கடிதம்.

"என்ன இது? கண் தெரியேல்லை!" என்று கத்தினார் விஜயரத்தினம்.

"வெளியிலை போறதுக்கான பத்திரம், ஐயா. இந்த இடத்திலை."

அதில் பொய் எதுவுமில்லை. நால்வரும் கையெழுத்துப் போட்டதும் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான்கு கையெழுத்தும் சற்றே வளைந்திருந்தன, ஆனாலும் செல்லுபடியானவை. மூன்றாம் வாரம் விசிறி வந்து சுழன்றது. வேலம்மாவின் இருமல் பாதியாகக் குறைந்தது. பாட்டு இரட்டிப்பாயிற்று.

கையெழுத்திட்ட அன்று அந்த நால்வரும் முற்றத்தில் வரிசையாக நின்று முகம் சிவக்கக் கண்ணீர் வடித்த காட்சியை ரத்தோட்டை வீதியால் போன பஸ் நிறைய ஆட்கள் பார்த்தார்கள். தொழிலாளர்களின் துன்பத்தைக் கண்டு அதிகாரிகள் அழுவதில்லை என்று பேசித் திரிபவர்கள் இனியாவது வாயை மூடிக்கொள்ளட்டும். அழுதார்கள். நான்கு பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். அதற்கு ஆலைக்குள்ளே ஐந்தே நிமிடம் நின்றது போதுமானதாக இருந்தது. ஒரு வருடமாக அவர்கள் நின்றது வெளியேதான்.